மூன்று டப்பா, மூன்று பொய் லேபிள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கேட்டிருந்த புதிருக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்காகப் புதிரை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

மூடிய டப்பா மூன்று. ஒன்றில் கறுப்புக் கோலிக்குண்டுகள் மட்டும், இன்னொன்றில் வெள்ளை மட்டும், மற்றொன்றில் இரண்டும் கலந்து. மேலே ‘கறுப்பு’, ‘வெள்ளை’, ‘கலவை’ என்று ஆளுக்கொரு லேபிள். ஆனால் மூன்று லேபிளுமே இடம் மாறி ஒட்டப்பட்டவை; ஒன்றுகூடத் தனக்குரிய டப்பாவில் இல்லை. ஏதாவது ஒரு டப்பாவுக்குள், எட்டிப் பார்க்காமல் கைவிட்டு, ஒரே ஒரு குண்டை எடுக்கலாம். அதை வைத்து எந்த டப்பாவில் என்ன என்று மூன்றையும் சொல்ல வேண்டும்.

வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பட்டதாரி: ‘கலவை’ என்று எழுதிய டப்பாவில்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நேர்முகத் தேர்வில் அதையே சொன்னேன். “ஏன் அந்த டப்பா?” என்று கேட்டார்கள். வாயடைத்துப் போய்விட்டேன். புரியும்படி சொல்வீர்களா ஐயா?

மனப்பாடம் செய்த விடையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள் தம்பி. லேபிளைப் படிக்கும் விதத்தை மாற்றினாலே போதும். இந்தப் புதிரை நடத்தும்போது என் மாணவர்களை ஒவ்வொரு லேபிளையும் வாய்விட்டு மாற்றிப் படிக்கச் சொல்வேன். ‘கறுப்பு’ என்று எழுதியிருந்தால் “இதில் கறுப்பு மட்டும் இல்லை; வெள்ளை மட்டும் இருக்கும், அல்லது கலவை இருக்கும்” என்று படிக்க வேண்டும். ‘வெள்ளை’ என்றால் “கறுப்பு மட்டும், அல்லது கலவை.” ‘கலவை’ என்றால் “இதில் கலவை இல்லை. ஏதோ ஒரே நிறம்.”

மூன்றையும் இப்படிப் படித்து முடித்ததும் மூன்றாவது தனியாகத் தெரியும். ஒரே நிறம் என்று உறுதியாகிவிட்ட டப்பாவில் ஒரு குண்டு எடுத்தாலும் ஒன்றுதான், எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாலும் ஒன்றுதான். மற்ற இரண்டு டப்பாவுக்கும் அந்த உறுதி கிடையாது. எடுத்த குண்டு கலவையிலிருந்து வந்ததா, தனி நிறத்திலிருந்து வந்ததா என்ற சந்தேகம் பின்னாலேயே வரும்.

சரி, ‘கலவை’ டப்பாவில் கைவிட்டீர்கள், கறுப்பு வந்தது. அந்த டப்பா முழுக்கக் கறுப்பு. மிச்சம் ‘கறுப்பு’ லேபிள் டப்பா, ‘வெள்ளை’ லேபிள் டப்பா. உள்ளே இருக்க வேண்டியவை வெள்ளையும் கலவையும். வந்த கடிதங்களில் பலவும் இந்த இடத்தில்தான் நின்றுபோயிருக்கின்றன. அவர்கள் அடுத்து ‘கறுப்பு’ லேபிளைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் வெள்ளையும் இருக்கலாம், கலவையும் இருக்கலாம். இரண்டையுமே லேபிள் தடுக்கவில்லை. அதனால் ‘பாதிக்குப் பாதி வாய்ப்பு’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். நீங்கள் ‘வெள்ளை’ லேபிளைப் பிடியுங்கள். அதில் வெள்ளை இருக்க முடியாது. கறுப்பு ஏற்கெனவே வேறிடத்தில் அகப்பட்டுவிட்டது. ஆக, அதில் கலவை. கடைசியாக மிஞ்சும் ‘கறுப்பு’ லேபிள் டப்பாவில் வெள்ளை. முதலில் வெள்ளைக் குண்டு வந்திருந்தால் இதே வாதத்தை நிறம் மாற்றிச் சொல்ல வேண்டியதுதான்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்று லேபிளில் இரண்டு மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தால் மூன்றாவது தன் இடத்திலேயே, சரியாக, இருந்திருக்கும். மூன்றுமே தப்பு என்றால் மூன்றும் வட்டமாக நகர்ந்திருக்க வேண்டும். வட்டமாக நகர்வதற்கு இரண்டே வழி: இந்தப் பக்கம் ஒரு சுற்று, அல்லது அந்தப் பக்கம் ஒரு சுற்று. உங்கள் கையில் வந்த குண்டு எந்தப் பக்கம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. மற்ற வேலையையெல்லாம் ‘மூன்றும் தப்பு’ என்ற வாக்கியம் உங்களுக்காக முன்பே செய்து வைத்திருக்கிறது. அடுத்த நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி: நான் ‘கறுப்பு’ என்று எழுதிய டப்பாவில்தான் எடுத்ததாக வைத்துக்கொண்டேன். கறுப்புக் குண்டு வந்தால் மூன்றையும் கண்டுபிடிக்க முடிகிறதே! என் விடையையும் சரி என்று ஏன் ஒத்துக்கொள்ளக் கூடாது?

உங்கள் தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை அம்மா. ‘கறுப்பு’ லேபிள் டப்பாவில் கறுப்பு மட்டும் இருக்க முடியாது. அதிலிருந்தே ஒரு கறுப்புக் குண்டு வந்தால் அது கலவை. அப்புறம் ‘வெள்ளை’ லேபிளில் கறுப்பு, ‘கலவை’ லேபிளில் வெள்ளை. அப்பழுக்கில்லாத வாதம்.

ஆனால் வெள்ளைக் குண்டு வந்திருந்தால்? அந்த டப்பா முழுக்க வெள்ளையாகவும் இருக்கலாம், கலவையாகவும் இருக்கலாம். இன்னொன்று எடுக்க அனுமதித்து, அதுவும் வெள்ளையாகவே வந்தாலும் சந்தேகம் தீராது. டப்பாவின் அடியில் ஒரே ஒரு கறுப்புக் குண்டு பதுங்கியிருக்கலாம் அல்லவா?

என்ன வந்தாலும் பலிக்கிற வழியைத்தான் புதிர் கேட்கிறது. உங்கள் வழி அப்படிப்பட்டதா என்று சோதிக்க ஒரு எதிராளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் டப்பாவைத் தேர்ந்தெடுத்ததும், உங்களுக்கு எது வரக் கூடாதோ அந்தக் குண்டைத்தான் அவர் எடுத்துத் தருவார். விதியை மட்டும் மீற மாட்டார். ‘கறுப்பு’ லேபிள் டப்பாவில் அவர் வெள்ளையை எடுத்து நீட்டி உங்களைத் திகைக்க வைப்பார். ‘கலவை’ லேபிள் டப்பாவில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எதைக் கொடுத்தாலும் நீங்கள் ஜெயிப்பீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்: மூன்றில் இரண்டு லேபிள் சரி, ஒன்று மட்டும் தப்பு என்று புதிரை மாற்றினால் சுலபமாகுமா?

அப்படி ஒரு நிலைமையே வராது தம்பி. இரண்டு லேபிள் சரியான டப்பாவில் இருந்தால் மூன்றாவதுக்கு மிஞ்சுவது அதனுடைய டப்பாதானே? மூன்று லேபிளை ஒட்ட மொத்தம் ஆறு வழி. அதில் எல்லாமே சரி ஒன்று, ஒன்று மட்டும் சரி மூன்று, எல்லாமே தப்பு இரண்டு. இரண்டு மட்டும் சரி என்பது பூஜ்யம். ஆறையும் தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம்.

மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு வாசகர்: சரி, ஒன்றே ஒன்று சரி, மற்ற இரண்டும் தப்பு, எது சரி என்று தெரியாது. அப்போதும் ஒரு குண்டு போதுமா?

போதாது. போதாது என்பதை ஒரு டப்பாவையும் தொடாமலே நிரூபிக்கலாம். சாத்தியங்கள் மூன்று. ஒரு குண்டு தரக்கூடிய விடையோ இரண்டு: கறுப்பு, அல்லது வெள்ளை. இரண்டு விடையால் மூன்று சாத்தியத்தைத் தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை. இப்படி இரண்டில் ஒன்று என்று வரும் ஒரு விடையைத்தான், 1948-ல் தகவலை அளக்கும் கோட்பாட்டை வெளியிட்ட கிளாட் ஷானன், ‘பிட்’ என்ற அலகாக எடுத்துக்கொண்டார். மூலப் புதிரில் சாத்தியங்கள் இரண்டே இரண்டு; ஒரு பிட் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. உங்கள் புதிருக்கு அது பற்றாது.

ஆனால் இரண்டு குண்டு நிச்சயமாகப் போதும். அதை இங்கேயே செய்து பார்த்துவிடுவோம். மூன்று சாத்தியங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் சாத்தியம்: ‘கறுப்பு’ லேபிள் சரி. அப்போது ‘வெள்ளை’யில் கலவை, ‘கலவை’யில் வெள்ளை.
இரண்டாவது: ‘வெள்ளை’ லேபிள் சரி. ‘கறுப்பு’வில் கலவை, ‘கலவை’யில் கறுப்பு.
மூன்றாவது: ‘கலவை’ லேபிள் சரி. ‘கறுப்பு’வில் வெள்ளை, ‘வெள்ளை’யில் கறுப்பு.

முதல் குண்டை ‘கறுப்பு’ லேபிள் டப்பாவில் எடுங்கள். கறுப்பு வந்தால் மூன்றாவது சாத்தியம் செத்தது. மிச்சம் முதலும் இரண்டும். இந்த இரண்டிலும் ‘கலவை’ லேபிள் டப்பாவில் ஒரே நிறம்தான்: முதலாவதில் வெள்ளை, இரண்டாவதில் கறுப்பு. ஆகவே அடுத்த குண்டை அங்கே எடுத்தால் முடிந்தது. முதல் குண்டு வெள்ளையாக வந்தால் மிச்சம் இரண்டும் மூன்றும். இப்போது ‘வெள்ளை’ லேபிள் டப்பாவுக்குப் போங்கள்: இரண்டாவதில் அங்கே வெள்ளை மட்டும், மூன்றாவதில் கறுப்பு மட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது குண்டை எங்கே எடுப்பது என்பதை முதல் குண்டைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறோம். இரண்டு டப்பாவையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு போயிருந்தால் எதிராளி நம்மை மடக்கிவிடுவார். எந்த டப்பாவில், எந்த நேரத்தில், எஞ்சியிருக்கும் சாத்தியங்களுக்குத் தனித்தனி நிறம் கிடைக்கிறதோ அதைத் தேட வேண்டும்.

ஒரு வாசகர்: பொய்யென்று தெரிந்த லேபிளை வைத்துக்கொண்டு ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? கிழித்து எறிந்துவிட்டு டப்பாக்களை மட்டும் ஆராய்ந்தால் என்ன?

செய்து பாருங்கள், லேபிளின் அருமை உடனே தெரியும். லேபிள் இல்லாத மூன்று டப்பா. முதலாவதில் எடுத்தீர்கள், கறுப்பு. இரண்டாவதில் எடுத்தீர்கள், அதுவும் கறுப்பு. இந்த இரண்டில் ஒன்று கலவை, மூன்றாவது வெள்ளை, அதுவரைக்கும் சரி. எது கலவை? வேறு நிறக் குண்டு வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ஒரு டப்பாவே காலியாகிவிடும்.

எப்போதும் பொய் சொல்கிற லேபிள், எப்போதும் உண்மை சொல்கிற லேபிளுக்கு அடுத்தபடியான நல்ல சாட்சி. அது சொல்வதை நீக்கிவிட்டால் மிச்சம் உண்மை. சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்கிற லேபிள்தான் ஆபத்து. போன பதிலில் ஒரு லேபிளை உண்மையாக்கியதும் ஒரு குண்டு இரண்டு குண்டாக உயர்ந்ததே, பார்த்தீர்களா? மூன்றும் பொய் என்பதைவிட, ஒன்று மட்டும் உண்மை என்பது நம்மை அதிகமாகக் குழப்புகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். இரண்டையும் அவர்களே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு அவர்கள் முகத்தில் வருகிற மலர்ச்சிக்காகவே திரும்பத் திரும்ப இந்தப் புதிரைக் கேட்கிறேன்.

பிளஸ் டூ மாணவி: என் அண்ணன் இரண்டு பெட்டி வைத்து, ஒன்றில் மோதிரத்தை ஒளித்தான். முதல் பெட்டியில் ‘இந்த இரண்டு வாசகங்களில் ஒன்றே ஒன்றுதான் உண்மை’ என்று ஒட்டியிருந்தான். இரண்டாவதில் ‘மோதிரம் முதல் பெட்டியில் இருக்கிறது’ என்று ஒட்டியிருந்தான். நான் நன்றாக யோசித்து இரண்டாவது பெட்டி என்றேன். திறந்தால் மோதிரம் முதல் பெட்டியில்! அவன் ஏமாற்றிவிட்டான், சரிதானே?

இந்த வாரம் வந்ததிலேயே சிறந்த கேள்வி உன்னுடையதுதான் அம்மா. நீ எப்படி யோசித்திருப்பாய் என்று எழுதிப் பார்க்கிறேன். முதல் வாசகம் உண்மை என்றால் ஒன்றுதான் உண்மை, ஆகவே இரண்டாவது பொய். முதல் வாசகம் பொய் என்றால், ‘ஒன்றே ஒன்று உண்மை’ என்பது நடக்கவில்லை. இரண்டாவது உண்மையாக இருந்தால் சரியாக ஒன்று உண்மையாகிவிடும், அதனால் இரண்டாவதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டாவது வாசகம் பொய். ஆக, மோதிரம் முதல் பெட்டியில் இல்லை. ஒவ்வொரு படியும் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அண்ணனும் ஏமாற்றவில்லை. அவர் ஒரு மோதிரத்தை ஒரு பெட்டியில் வைத்தார், இரண்டு தாளில் எழுதி ஒட்டினார், அவ்வளவே. அந்த வாசகங்கள் உண்மையா பொய்யா என்பதைப் பற்றி உனக்கு அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஒவ்வொரு வாசகமும் ஒன்று உண்மை, இல்லையென்றால் பொய் என்று நீயாக எடுத்துக்கொண்டாய். மோதிரம் முதல் பெட்டியில் இருக்கும்போது முதல் வாசகத்தைச் சோதித்துப் பார். இரண்டாவது உண்மை. முதலாவதையும் உண்மை என்று வைத்தால் இரண்டு உண்மை ஆகிறது. ஆகவே முதலாவது பொய். பொய் என்று வைத்தால் இரண்டாவது மட்டும் உண்மை, அதாவது சரியாக ஒன்று. ஆகவே முதலாவது உண்மை. உண்மை என்றால் பொய், பொய் என்றால் உண்மை. தன்னைப் பற்றியே பேசுகிற வாக்கியங்களுக்கு இந்தக் கதி நேரலாம். தாளில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்; மோதிரம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

நம் டப்பாக்களில் இந்தச் சிக்கல் இல்லாததற்கு இரண்டு காரணம். லேபிள்கள் குண்டுகளைப் பற்றித்தான் பேசுகின்றன, மற்ற லேபிள்களைப் பற்றிப் பேசவில்லை. அதோடு, ‘மூன்றும் தப்பு’ என்ற வாக்குறுதியைக் கொடுத்தது புதிர் போடுபவர். எந்த டப்பாவின் மேலும் அது எழுதப்படவில்லை. அமெரிக்கத் தர்க்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்லியன் (1919–2017) பெட்டிகளையும் அவற்றின் மேல் எழுதிய வாசகங்களையும் வைத்து ஏராளமான புதிர்கள் படைத்தவர். நீ விழுந்த இந்தப் பள்ளத்தை வாசகர்களுக்கு வேண்டுமென்றே காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அடுத்த முறை அண்ணனிடம், “இரண்டு வாசகமும் உண்மையோ பொய்யோ, இரண்டில் ஒன்றாக இருக்கும் என்று சத்தியம் செய்கிறாயா?” என்று முதலில் கேள். செய்தால் அவர் மோதிரத்தை இரண்டாவது பெட்டிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு வாசகர்: இந்தக் கோலிக்குண்டுப் புதிர் உங்கள் சொந்தச் சரக்கா?

இல்லை. கறுப்பு வெள்ளைக் குண்டும் மூன்று பெட்டியுமாக இதை உலகம் முழுக்கப் பரப்பியவர் மார்ட்டின் கார்ட்னர் (1914–2010). சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 1957-ல் கணித விளையாட்டுப் பகுதியைத் தொடங்கி கால் நூற்றாண்டு எழுதினார்.

ஓர் ஆசிரியை: டப்பாக்களை நான்காக்கி என் மாணவர்களுக்குக் கொடுக்க ஆசை. அப்போது என்ன ஆகும்?

தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கடினம் ஏறும். நான்கு லேபிளும் தப்பாக இருக்க ஒன்பது வழி. ஐந்துக்கு 44, ஆறுக்கு 265. எதுவுமே தன் இடத்தில் இல்லாத அடுக்குகளை எண்ணும் கணக்கை, ஒரு சீட்டாட்டத்தை முன்வைத்து, பிரெஞ்சுக் கணிதர் பியேர் ரெமோன் த மோன்மோர் 1708-லேயே எழுப்பினார். டப்பாக்கள் கூடக் கூட, எல்லாமே தப்பாக விழும் பங்கு மொத்த வழிகளில் சுமார் 36.8 விழுக்காட்டுக்கு அருகிலேயே நின்றுவிடும்.

உங்கள் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது இந்த அமைப்பு. நான்கு டப்பா, ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு. ஒன்றில் மூன்றும் கறுப்பு, ஒன்றில் மூன்றும் வெள்ளை, ஒன்றில் மூன்றும் சிவப்பு, ஒன்றில் நிறத்துக்கு ஒன்றாகக் கலவை. நான்கு லேபிளும் தப்பு. எடுத்த குண்டைத் திரும்பப் போடக் கூடாது. முதல் குண்டு எங்கிருந்து என்பதை இதற்குள் எல்லோரும் சொல்லிவிடுவார்கள்: ‘கலவை’ லேபிள் டப்பா. கறுப்பு வந்தது என்று வைத்துக்கொண்டால், ஒன்பதில் மூன்று சாத்தியம் மிஞ்சும். அந்த மூன்றையும் மாணவர்களே எழுதட்டும். எதிராளி எவ்வளவு முரண்டு பிடித்தாலும் மொத்தம் மூன்றே குண்டில் முடித்துவிடலாம், இரண்டில் முடியாது. இரண்டாவது குண்டை எந்த டப்பாவில் எடுப்பது, மூன்றாவதை எங்கே எடுப்பது? மற்ற வாசகர்களும் எழுதி அனுப்பலாம். ‘ஏன் அந்த டப்பா?’ என்பதற்கான காரணமும் சேர்ந்து வரும் கடிதங்களை மட்டுமே அடுத்த இதழுக்கு எடுத்துக்கொள்வேன்.